வன்னியில் இருந்து கொமிக்ஸ் கீறிச் சம்பாதிக்க: முதல் ஓடரில் இருந்து கொழும்பு மேசை வரை

"அக்கா, நான் நல்லாப் படம் கீறுவன், இதில காசு வருமா?" என்று வருகிற மெசேஜ்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதுகிறேன். காசு வரும். மாதச் சம்பளம் போல வராது. ஒரு மாதம் கை நிறைய வேலை இருக்கும், அடுத்த மாதம் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதுப் பிள்ளைகள் அநேகம் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கொழும்பில் கொமிக் கொன் என்கிற கொமிக்ஸ் ரசிகர் திருவிழா நடக்கிறது, அங்கே படம் விற்க ஒரு மேசை போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கொழும்பில் வீடு இருக்கிறவருக்கு அது சரிவரும். கிளிநொச்சியில் இருந்தோ புதுக்குடியிருப்பில் இருந்தோ போகிற நமக்கு, இரண்டு இரவு பஸ், தங்குமிடம், சாப்பாடு, அச்சடித்த செலவு எல்லாம் கழித்துப் பார்த்தால் விற்ற காசு கையில் நிற்காது. நமக்கு அந்த மேசை கடை இல்லை, ஓடர் பிடிக்கிற இடம். அதனால் வீட்டில் இருந்தே ஓடர் எடுத்து, கீறி, அனுப்பி, காசு வாங்கிப் பழகிய பிறகுதான் மேசை. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் காட்டுவதற்குப் படம் வேண்டும்

ஆறு படம் போதும், ஆனால் ஆறும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஆறு இடத்தில் ஸ்பைடர்மேன் குந்திக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஸ்பைடர்மேன் மட்டும்தான் வரும் என்று பார்ப்பவர் முடிவெடுத்துவிடுவார். ஒரு முகம், ஒரு முழு உடம்பு, இரண்டு பேர் சேர்ந்து நிற்கிற படம், பின்னணியோடு ஒன்று, ஒருவருடைய போட்டோவைப் பார்த்து அவரைக் கொமிக்ஸ் ஆளாக மாற்றியது ஒன்று, உங்கள் சொந்தப் பாத்திரம் ஒன்று. கைவிரல்கள் தெரிகிற மாதிரிக் கீறுங்கள். கையைப் பொக்கெட்டுக்குள் ஒளித்து வைத்துக் கீறுகிறவரை ஓடர் தருகிறவர் கண்டுபிடிக்கிறாரோ இல்லையோ, மற்றக் கலைஞர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள், மேலதிக வேலையைக் கைமாற்றி விடுகிறவர்களும் அவர்கள்தான்.

யார் ஓடர் தருவார்கள் என்பதையும் யோசியுங்கள். ஊரில் பிறந்தநாள், கலியாணப் பரிசு, கடைக்கு ஒரு படம் என்று வரும். வெளிநாட்டில் இருந்து வருகிறது வேறு மாதிரி. 1972-ல் முத்து கொமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, 1984-ல் லயன் கொமிக்ஸ் வந்தது, இரண்டும் சிவகாசி. அதுகளை வாசித்து வளர்ந்த மாமாமார் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது புதுச் சினிமாவின் கதாநாயகனை இல்லை. பழைய கறுப்பு வெள்ளைத் தாளில் பார்த்த அதே கோடு, அதே கனத்த நிழல், பக்கத்தில் தாங்களும் நிற்க வேண்டும். அந்தக் கறுப்பு வெள்ளை வேலையைப் பழகி வைத்திருக்கிறவர் இப்போது குறைவு, ஆகவே அதைப் பழகுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து, எதிர்ப்பக்கத்தைத் துணிந்து முழுக் கறுப்பாக நிரப்புவதுதான் அதில் பாதி வேலை. நுணுக்கமாகக் கோடு கோடாக இழுத்து நேரத்தைக் கரைக்கத் தேவையில்லை.

சாமான்கள்

விலை கூடிய எதையும் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். நீர்படாத பிக்மென்ட் மை உள்ள பேனை மூன்று இருந்தால் போதும். மைக்ரோன் என்கிற பேனை என்றால், அதில் 005 என்பது 0.20 மில்லிமீற்றர், 03 என்பது 0.35, 08 என்பது 0.50. மெல்லியது கண்ணுக்கும் தலைமயிருக்கும், நடுவானது முகத்துக்கு, தடித்தது உருவத்தின் வெளிக்கோட்டுக்கு. எல்லாவற்றையும் ஒரே பேனையால் கீறினால் படம் தட்டையாகத் தெரியும், ஏன் என்று விளங்காமலே முழிப்பீர்கள். எந்தப் பேனை வாங்கினாலும் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்; கலைந்தால் அதன்மேல் வோட்டர்கலர் அடிக்க முடியாது.

தாள் விஷயத்தில் கவனம். புத்தகக் கடையில் பள்ளிக்கூட ஒப்படைக்கு விற்கிற பிரிஸ்டல் போட் பார்க்க மொத்தமாக இருக்கும், ஆனால் சிலதில் மை பக்கவாட்டில் ஊறிப் பரவும். ஒரே ஒரு தாள் வாங்கி மூலையில் கீறிப் பாருங்கள். ஊறாவிட்டால் அதே கட்டில் இன்னும் பத்து வாங்கி வையுங்கள், அடுத்த முறை வருகிற கட்டு வேறாக இருக்கலாம். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, நல்ல தாளும் ஈரம் இழுத்து மை ஊறத் தொடங்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பைக்கற்றுகளை எறியாமல் தாளோடு சேர்த்து பொலித்தீனில் கட்டி வையுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் புழுதியும் வியர்வையும்தான் பிரச்சினை: கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைக்காமல் கீறவே கூடாது.

டிஜிட்டலில் கீறுகிறவர்களுக்கு போனில் ஐபிஸ் பெயின்ட், கம்பியூட்டரில் கிரிட்டா, இரண்டுக்கும் காசு கட்டத் தேவையில்லை. A4 அளவு என்றால் 2480 × 3508 பிக்சல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). தொடங்கும்போதே அப்படி வைத்துவிடுங்கள். சின்னதாகக் கீறிவிட்டுக் கடைசியில் பெருப்பித்தால் அச்சில் மங்கும். கரண்ட் எப்போது போகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது, ஆகவே ஓட்டோசேவை ஐந்து நிமிடத்துக்கு மாற்றி வையுங்கள்.

விலை

பக்கத்து ஆள் எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்து விலை வைக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மூன்று படத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு ஒரு முழு உடம்புப் படம் 6 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 600 ரூபா என்று வைத்தால் 3600; அதோடு தாள், மை, தபால், நீங்கள் பேசிக் கழிக்கிற நேரம். கூடுதல் ஆள் ஒருவர் வந்தால் அரைவாசி கூட்டுங்கள். மோட்டார் சைக்கிள், குதிரை, கோயில் கோபுரம் இந்த மூன்றுக்கும் தனி விலை போடுங்கள், கோபுரம் கீறிப் பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும்.

சொந்தக்காரர் "சும்மா ஒரு படம் கீறித் தாவன் பிள்ளை" என்று கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். பெரியம்மாவுக்கும் மச்சானுக்கும் சிறிய முகப்படம் ஒன்று சும்மா கீறிக் கொடுங்கள், ஆனால் அது எந்த அளவு, எப்போது கிடைக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள். காசு தருகிற ஓடரைத் தள்ளி வைத்து அதைச் செய்யாதீர்கள்.

ஓடர் எடுக்கிற முறை

இதைத்தான் ஆறுதலாக வாசிக்க வேண்டும். நல்லாகக் கீறுகிற பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டுப் போவது படம் பிழைத்து இல்லை, பேச்சு பிழைத்து.

யாராவது "எனக்கு ஒரு படம் வேணும்" என்று எழுதினால் உடனே பென்சிலை எடுக்காதீர்கள். ஐந்து விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: யாருடைய படம், எந்த அளவு, நிறமா கறுப்பு வெள்ளையா, எந்தத் தேதிக்கு வேண்டும், தாளில் வேண்டுமா டிஜிட்டல் கோப்பாகவா. வொய்ஸ் மெசேஜில் சொன்னால், கேட்டுவிட்டு நீங்களே தட்டச்சு செய்து "இதுதானே அண்ணா?" என்று திருப்பி அனுப்பி, "ஓம்" என்று வந்த பிறகுதான் அடுத்தது. அந்த "ஓம்" பிறகு உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் அரைவாசி முற்பணம். முற்பணம் வராமல் ஒரு கோடும் இல்லை. அது வந்ததும் தீப்பெட்டி அளவில் மூன்று சின்னக் கீறல் கீறி அனுப்புங்கள்: ஒன்றில் நேராக நிற்பது, ஒன்றில் கீழே இருந்து பார்ப்பது, ஒன்றில் பாய்வது. மூன்றில் ஒன்றை அவர் தெரிவு செய்யட்டும். ஒன்று மட்டும் அனுப்பினால் பிடிக்கவில்லை என்பார், பத்து அனுப்பினால் குழம்பிவிடுவார். தெரிந்ததைப் பென்சிலில் முழு அளவில் கீறி மறுபடி அனுப்புங்கள், கூடவே ஒரு வரி: "மை போட்ட பிறகு மாற்ற ஏலாது, இப்ப வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ." மூக்கு பெரிசு, மீசை வேண்டும், வயிற்றைக் கொஞ்சம் குறை, எல்லாம் இந்த இடத்தில் வர வேண்டும். இரண்டு முறை மாற்றம் சும்மா, மூன்றாவதில் இருந்து காசு என்று முதலே சொல்லி வையுங்கள். மை போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பென்சிலை அழித்து, முடிந்த படத்தைச் சின்ன அளவில், குறுக்கே உங்கள் பெயர் போட்டு அனுப்பி, மிச்சக் காசு வந்ததும் பெரிய கோப்பையோ தாளையோ கொடுங்கள்.

வேலை நடக்கும்போது போனை மேலே கட்டி வைத்து வீடியோ எடுத்து வைப்பது நல்லது. கம்பியூட்டர் தானாகவே கீறிய படமோ என்று இப்போது எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள், கை கீறுவது தெரிந்தால் பேச்சு முடிந்தது. தங்கச்சிமாருக்கு இன்னொன்று: ஓடருக்கென்று தனி நம்பர் வைத்திருங்கள், இராத்திரி வீடியோ கோலில் "விளக்கமாச் சொல்லுறன்" என்கிற ஆளுக்கு "எழுதி அனுப்புங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையான வாடிக்கையாளர் எழுதி அனுப்புவார்.

எடுக்கக் கூடாத ஓடரும் உண்டு. வெளிநாட்டில் இருந்து சிலர் தடைசெய்யப்பட்ட சின்னங்களோடும் சீருடையோடும் படம் கேட்பார்கள், நல்ல காசும் சொல்வார்கள். அங்கே இருந்து கேட்கிறவருக்கு அது ஒரு படம். இங்கே பேஸ்புக்கில் போட்டதற்கே 1979-ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் அம்மா அப்பாவும் இருக்கிறார்கள் என்பதை நினைத்து மரியாதையாக மறுத்துவிடுங்கள், காரணத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை.

காசும் தபாலும்

பேபாலில் இலங்கைக் கணக்குக்குக் காசு பெறுகிற வசதி பல வருடமாக இல்லாமலே இருக்கிறது, ஆகவே "பேபால் இருக்கா?" என்ற கேள்விக்கு வேறு பதில் தயாராக வைத்திருங்கள். வைஸ் என்கிற காசு அனுப்புகிற செயலி மூலம் நேரே உங்கள் ரூபாய்க் கணக்குக்கு அனுப்பலாம், வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பினால் அடையாள அட்டையோடு போய் எடுக்கலாம். சின்னத் தொகைக்கு வங்கியில் இருந்து வங்கிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், கட்டணமே தின்றுவிடும். உள்ளூர் ஆட்களுக்கு வங்கி இலக்கம் போதும், காசு கட்டிய சிட்டையின் படம் காட்டினால் காணாது, கணக்கில் விழுந்ததா என்று பாருங்கள். 2025 சித்திரையில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை, அதைத் தாண்டுகிற நாள் வந்தால் சந்தோஷமாகக் கட்டுங்கள். ஆனால் வரவு செலவுக் கொப்பி இன்றைக்கே தொடங்கட்டும்.

A4 படத்தைப் பொலித்தீனில் போட்டு இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்து நாலு பக்கமும் ஒட்டுங்கள். மட்டைகளில் ஒன்றின் அலைக்கோடு நிமிர்ந்தும் மற்றதின் அலைக்கோடு படுத்தும் இருந்தால் எந்தப் பக்கமும் வளையாது. A3 என்றால் சுருட்டி, குழாய்க்குள். உள்ளூருக்குப் பதிவுத் தபால், வெளிநாட்டுக்குச் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், "கையால் கீறிய படம்" என்றும் உண்மையான விலையையும் எழுதுங்கள். தபால் கந்தோர் சிட்டையை போனில் படம் எடுத்து அப்போதே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டால் தினமும் "அனுப்பியாச்சா?" வராது.

அந்தப் பாத்திரம் யாருடையது?

ரசிகர் படம், அதாவது ஸ்பைடர்மேன் போல வேறொருவர் உருவாக்கிய பாத்திரத்தை நாங்கள் கீறுவது, என்றாலே இன்னொருவருடைய சொத்தைத் தொடுகிற வேலைதான். இலங்கையில் 2003-ம் ஆண்டு 36-ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, பதிப்புரிமை கீறியவர் இறந்து 70 வருடம் வரை போகும். கொமிக் கொன்களில் ஒரு ஆளுக்காக ஒரு படம் கீறிக் கொடுப்பதைப் பெரிய கம்பனிகள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகின்றன, அது வழக்கம், உரிமை இல்லை. அதே படத்தை நூறு அச்சடித்து விற்பது வேறு கதை. நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது: ஓடரில் ரசிகர் படம் எடுங்கள், அச்சடிப்பதை உங்கள் சொந்தப் பாத்திரத்தில் வைத்திருங்கள். கம்பனியின் லோகோவைப் போட வேண்டாம். இன்னொரு கலைஞர் கீறியதைக் கீழே வைத்துத் தேய்த்து எடுக்கவே வேண்டாம்.

சொந்தப் பாத்திரத்துக்கு வன்னியில் பஞ்சம் இல்லை. 1803-ல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்த பண்டாரவன்னியன் இருக்கிறான், அவனை எல்லாரும் சிலையைப் பார்த்தே கீறுகிறார்கள். ஒரு இளவயசுக்காரனாக, சேற்றில் ஓடி வருகிறவனாக நீங்கள் கீறினால் யாரும் வந்து தடுக்க முடியாது. இரணைமடுக் கட்டில் சைக்கிளில் போகிற ஒரு ரோபோவையும் கீறலாம். கொழும்பு மேசையில் ஆட்கள் நின்று பார்ப்பது அதைத்தான், எத்தனையாவது பேட்மேனையோ இல்லை.

இனி மேசை

சன் டியாகோவில் 1970-ல் தொடங்கிய கொமிக் கொன் உலகம் முழுக்கப் பரவி, கொழும்பில் லங்கா கொமிக் கொன் 2015-ல் தொடங்கியது. சென்னையில் 2024 மாசியில் முதல் தடவை கொமிக் கொன் நடந்தது, பலாலியில் ஏறினால் கிட்டத்தான், ஆனால் சுற்றுலா வீசாவில் போய் மேசை போட்டு விற்க முடியாது. பார்த்து, ஆட்களோடு பழகிவிட்டு வரலாம். எந்தக் கொன்னுக்கும் முதல் வருடம் டிக்கெட் எடுத்து பார்வையாளராகப் போங்கள். எந்த மேசையில் ஆள் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதற்கு அந்தக் காசு தகும்.

மேசைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்க வேண்டியது: மேசையின் நீளம், எத்தனை கதிரை, பின்னால் சுவரா நடைபாதையா, பிளக் இருக்கிறதா, ரசிகர் படம் அச்சடித்து விற்க விடுவார்களா. மேசை கிடைத்த பிறகு வீட்டில் அதே நீளத்துக்கு நிலத்தில் சோக்கால் கோடு போட்டு எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள்.

படத்தை மேசையில் படுக்க வைத்தால் முன்னுக்கு நிற்கிற ஒருவருக்குத்தான் தெரியும், நிமிர்ந்து நிற்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் அரை இஞ்சி பிவிசி குழாய் வாங்கி, இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டுவித்து, எல்போ, ரீ என்கிற இணைப்புத் துண்டுகளைப் போட்டால் நல்ல சட்டகம் வரும். கழற்றினால் பஸ்ஸில் காலுக்குக் கீழே படுக்கும். பசை போடாதீர்கள், இறுக்கிச் செருகினாலே நிற்கும். அச்சடிக்கிற கோப்பில் வெட்டுகிற கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் படத்தை 3 மில்லிமீற்றர் நீட்டி விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். முடிந்தால் கோப்பைக் கொழும்பு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, போன அன்று எடுத்துக்கொள்ளுங்கள். A9-ல் இரவு முழுக்கத் தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு போவது தேவையில்லாத வேலை, முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கக்கூட விடாது.

தனியாகப் போகாதீர்கள். தம்பியோ மச்சாளோ ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் நீங்கள் கீறும்போது காசு வாங்கவும், நீங்கள் கழிவறைக்குப் போகவும் முடியும். முதல் நாள் விடிய இறங்கி நேரே மேசைக்குப் போகிற மாதிரித் திட்டம் போடாமல், ஒரு நாள் முந்தி வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இறங்குங்கள். நித்திரை இல்லாத கை நடுங்கும். விலையை மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், "மேக்க கீயத?" (இது எவ்வளவு?) என்று சிங்களத்தில் கேட்கிறவருக்கு விரலால் காட்டினால் போதும். 100 ரூபா, 500 ரூபாத் தாள்கள் சில்லறைக்கு வேண்டும், போனால் ஸ்கேன் செய்து காசு கட்டுகிற லங்கா கியூஆர் அட்டை ஒன்றையும் வங்கியில் கேட்டு எடுத்து வையுங்கள்.

அங்கேயே கீறிக் கொடுக்கிற படத்துக்கு ஒரு அளவுதான் வையுங்கள்: A5, முகம் மட்டும், கறுப்பு வெள்ளை, இருபது நிமிடத்துக்குள் முடிகிறது. காசு முதலே வாங்கி, பெயரும் போன் நம்பரும் துண்டில் எழுதி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று முதலே முடிவெடுத்து, பட்டியல் நிரம்பியதும் மூடிவிடுங்கள். அதற்கு மேல் கேட்கிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள். அவரிடம் "ஊருக்குப் போய் ஆறுதலாப் பெரிசாக் கீறி அனுப்புறன்" என்று சொல்லி, கொப்பியில் விவரம் எழுதி, முற்பணம் வாங்குங்கள். வன்னியில் இருந்து வந்ததன் காசு அந்தக் கொப்பியில்தான் வரும். வேஷம் கட்டி வருகிற பிள்ளைகளைக் கீற ஆசையாக இருந்தால் முதலில் கேளுங்கள், கீறிய சின்னப் படத்தைச் சும்மா கொடுங்கள். அவர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் போடுவார்கள், அடுத்த மணித்தியாலம் நாலு பேர் தேடி வருவார்கள்.

மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பேனையை வைத்துவிட்டு மணிக்கட்டை மடக்கி நீட்டுங்கள். தண்ணிப் போத்தலை மேசைக்கு மேலே வைக்காமல் கீழே வையுங்கள். மாலையில் கூட்டம் கலைகிற நேரம் மற்ற மேசைகளுக்குப் போய் ஒரு படம் வாங்குங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள், சிங்களம் வராவிட்டாலும் பரவாயில்லை, கொப்பியைத் திறந்து காட்டினால் பேச்சு தானாக வரும்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள் நித்திரை கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். கொப்பியில் இருக்கிற எல்லாருக்கும் "நான் இன்னார், உங்கள் ஓடர் எழுதி வைத்திருக்கிறன், சின்னக் கீறல் இந்தத் தேதிக்கு வரும்" என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஒரு கிழமை கழித்து எழுதினால் பாதிப் பேருக்கு யார் என்றே நினைவு வராது. அனுப்பியதும் முற்பணம் தந்தவர்களின் பெயரை மேலே எழுதி, முதல் பெயருக்கு மூன்று தீப்பெட்டிக் கீறலைத் தொடங்குங்கள்.